மாட்ரிட்டின் ஃபை29 ஆய்வகத்தில் படித்தவர்கள் எங்கே போனார்கள்

ஐந்து பேர். ஒரே ஆய்வகம், ஒரே வைரஸ், ஏறக்குறைய ஒரே காலம். ஒருவர் ஸ்பெயினின் அறிவியல் அமைச்சர் ஆனார். இன்னொருவர் அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் ஆய்வு மையத்துக்கு இயக்குநர் ஆனார். மூன்றாமவர் பி16 என்ற கட்டி தடுப்புப் புரதத்தை அடையாளம் கண்டார். நான்காமவர் மூளையின் நரம்பிணைப்புகளுக்குப் போனார். ஐந்தாமவர் மட்டும் டிஎன்ஏ இரட்டிப்பை (டிஎன்ஏ நகலெடுக்கப்படுவதை) விடாமல், அதை மனித செல்லுக்குக் கொண்டுபோனார்.

டிஎன்ஏ இரட்டிப்பில் பிஎச்டி செய்தால் பிறகு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் மூன்று சொல்: கல்லூரி, கம்பெனி, கொள்கை. அதைக் கேட்டு யாரும் ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஒரு ஆய்வகத்தை எடுத்துக்கொண்டு, யார் எந்த வேலை பழகி வெளியே வந்தார், அது எங்கே செல்லுபடியானது என்று பார்த்தால் ஏதாவது தெரியும். மேலே சொன்ன ஐவரும் படித்த, மார்கரிட்டா சாலாஸ் என்ற மூலக்கூறு உயிரியலாளரின் ஆய்வகம் அதற்கு நல்ல இடம்.

சாலாஸும் ஒரு ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தவர்தான். மாட்ரிட்டில் ஆல்பெர்ட்டோ சோல்ஸிடம் என்சைம் வேலை பழகினார். பிறகு நியூயார்க்கில் செவெரோ ஒச்சோவாவிடம் மரபுச் செய்தி 5' முனையிலிருந்து 3' முனை நோக்கிப் படிக்கப்படுகிறது என்று காட்டிய வேலையில் இருந்தார் (ஒரு இழையின் இரண்டு முனைகளுக்கும் இவை பெயர்கள்). 1967இல் கணவர் எலாடியோ வின்யுவேலாவுடன் ஊர் திரும்பி, பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை29 என்ற சிறு வைரஸைக் கையில் எடுத்தார். அன்றைய ஸ்பெயினில் இதற்குக் காசு இல்லை. அமெரிக்க அறக்கட்டளை ஒன்றின் நிதியில்தான் ஆய்வகம் தொடங்கியது. 1970 வாக்கில் வின்யுவேலா ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸுக்கு மாறிக்கொண்டார். மனைவியின் வேலை மனைவியின் பெயரிலேயே தெரியட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். 1977இல் ஆய்வகம் செவெரோ ஒச்சோவா மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு இடம் மாறியது.

வைரஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஃபை29இன் டிஎன்ஏ நீளம் 19,285 ஜோடி எழுத்து (நியூக்ளியோடைடு). வட்டமில்லை, நேர்கோடு. இரண்டு 5' முனைகளிலும் முனைப்புரதம் என்ற புரதம் நிரந்தரமாக ஒட்டியிருக்கும். டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைமான பாலிமரேஸ் பொதுவாக வெறும் கையோடு தொடங்காது. முதல் எழுத்தைக் கோக்க ஒரு ஹைட்ராக்சில் (OH) வேண்டும். பெரும்பாலான உயிர்களில் அதை ஒரு ஆர்என்ஏ துண்டு கொடுக்கும். இங்கே முனைப்புரதத்தின் 232ஆம் அமினோ அமிலமான செரின் கொடுக்கிறது. முழு இரட்டிப்புக்கும் நான்கு புரதங்கள் போதும்: பாலிமரேஸ், முனைப்புரதம், ஒற்றை இழையைப் போர்த்தும் பி5, இரட்டை இழையைச் சுற்றிக்கொள்ளும் பி6. 1994இல் இந்த நான்கை மட்டும் வைத்துச் சோதனைக் குழாயிலேயே முழு மரபுத்தொகுதியையும் பெருக்கிக் காட்டினார்கள்.

நான்கு என்ற இந்த எண்ணிக்கைதான் பயிற்சியின் மையம் என்பது என் கணிப்பு. இருபது, முப்பது புரதங்கள் சேர்ந்து இயங்கும் அமைப்பில் ஒரு மாணவர் தன் முறைக்கு ஒன்றைச் சுத்தம் செய்வார், மீதியை அடுத்த மேசையிலிருந்து வாங்கிக்கொள்வார். நான்கு மட்டும் என்றால் எல்லாவற்றையும் தானே சுத்தம் செய்யலாம்; ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து எது எதற்கு என்று கேட்கலாம். ஒரு குழாயில் என்னென்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்த நிலையிலிருந்து வேலை தொடங்குகிறது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சோதனை. முனைப்புரதத்தையும் பாலிமரேஸையும் டெம்ப்ளேட்டோடு (நகலெடுக்க வேண்டிய மூல டிஎன்ஏ) கலந்து, கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 ஏற்றிய டிஏடிபி (அடினின் எழுத்தின் மூலப்பொருள்) கொடுக்கிறோம். முதல் அடினின் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். கலவையைப் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓடவிட்டு எக்ஸ்ரே ஃபிலிமில் வைத்தால், சுமார் 31 கிலோடால்டன் உயரத்தில் கறுப்புப் பட்டை. பட்டை இருந்தால் தொடக்கம் நடந்தது என்று பொருள். மெக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீஸ் போட்டால் பட்டை பல மடங்கு கறுக்கும், மாணவருக்கும் மகிழ்ச்சி. வம்பும் அங்கேதான். மாங்கனீஸ் இருந்தால் டெம்ப்ளேட் துளியும் இல்லாமலே பாலிமரேஸ் புரதத்தில் அடினினை ஒட்டிவிடும். டெம்ப்ளேட் இல்லாத ஒரு குழாயைப் பக்கத்திலேயே ஓடவிடாதவர், கறுத்த பட்டையைப் பார்த்து டெம்ப்ளேட்டைப் பற்றித் தப்பாக எழுதுவார். அம்மோனியம் அயனி சில பத்து மில்லிமோலார் இல்லாவிட்டால் எதிர்த் திசையில் தொல்லை: பாலிமரேஸும் முனைப்புரதமும் சரியாக ஜோடி சேராது, பட்டை மங்கும். புரதம் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி சுத்தம் செய்யப் போய்விடத் தோன்றும். குறை பஃபரில் (வேலை நடக்கும் உப்புக் கரைசலில்) இருக்கும்.

இந்தச் சோதனையை வைத்து 1992இல் ஹுவான் மெண்டெஸ் முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வந்தது. டெம்ப்ளேட்டின் 3' முனையில் மூன்று தைமின்கள் இருக்கின்றன. கடைசி எழுத்திலிருந்துதான் நகல் தொடங்கும் என்று யாரும் நினைப்பார்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றிய சிறு டெம்ப்ளேட்டுகளைக் கொடுத்துப் பார்த்ததில், முனைப்புரதத்தில் ஏறும் எழுத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது இடம் என்று தெரிந்தது. இரண்டாவதில் தொடங்கி, ஒரு அடி பின்னால் வழுக்கி, முதல் எழுத்தின் எதிரே நின்றுகொண்டு மறுபடி இரண்டாவதை நகலெடுக்கிறது. முனை எழுத்து தொலைவதில்லை. முதல் அடியில் பிழை நேர்ந்தால் அது வடிகட்டப்படவும் ஒரு வாய்ப்பு.

மெண்டெஸ் பிறகு அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் புரூஸ் ஸ்டில்மனிடம் போனார். ஈஸ்டில் இரட்டிப்புத் தொடக்கப் புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளும் ஓஆர்சி என்ற புரதக் கூட்டத்தை 1992இல் ஸ்டீபன் பெல்லும் ஸ்டில்மனும் பிரித்தெடுத்திருந்தார்கள். மனித செல்லில் அதே புரதங்கள் எப்போது குரோமாட்டினில் (டிஎன்ஏவும் அதோடு ஒட்டிய புரதங்களும் சேர்ந்த பொருள்) ஏறுகின்றன, எப்போது இறங்குகின்றன என்பது கேள்வி. மனித செல் நான்கு புரதச் சோதனைக் குழாய் ஆகாது. ஆனாலும் அதைக் கூறுகளாகப் பிரித்து ஒவ்வொரு கூறிலும் என்ன இருக்கிறது என்று எண்ணலாம். 2000இல் வந்த மெண்டெஸ்–ஸ்டில்மன் கட்டுரையின் பிரித்தெடுப்பு முறை இன்றும் பல ஆய்வகங்களில் அப்படியே ஓடுகிறது.

முறை எளிது. முதலில் பஃபர்: 10 மில்லிமோலார் ஹெப்பீஸ், பிஎச் 7.9, 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 1.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 0.34 மோலார் சுக்ரோஸ். 10 சதவீதம் கிளிசரால். 1 மில்லிமோலார் டிடிடி. புரதச் சிதைப்பைத் தடுக்கும் கலவை. செல்லை இதில் கரைத்து, டிரைட்டான் 0.1 சதவீதம் ஆகும்படி சேர்த்து, பனிக்கட்டியில் 5 நிமிடம். 1,300 ஜி வேகத்தில் 4 நிமிடம் சுழற்றினால் உட்கரு கீழே நிற்கும், சைட்டோபிளாசம் மேலே. உட்கருவை ஒருமுறை கழுவிவிட்டு, 3 மில்லிமோலார் ஈடிடிஏவும் 0.2 மில்லிமோலார் ஈஜிடிஏவும் டிடிடியும் மட்டும் உள்ள பஃபரில் 30 நிமிடம் வைத்தால் உடையும். 1,700 ஜியில் 4 நிமிடம் சுழற்றினால் குரோமாட்டின் தனியாக அடியில் தங்கும்.

கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவையே. டிரைட்டானில் 5 நிமிடத்தை 15 ஆக்கினால் உட்கரு அங்கேயே கசியும். குரோமாட்டினில் இருக்கவேண்டியது சைட்டோபிளாசத்தில் தெரியும். செல் அதிகமாகவும் பஃபர் குறைவாகவும் இருந்தால் அடியில் ஜெல்லி போல ஒட்டிக்கொள்ளும்; பிப்பெட்டால் அதைக் குத்தினால் அந்த மாதிரி தீர்ந்தது. கழுவும் படியைச் சோம்பலில் விட்டால் சைட்டோபிளாசப் புரதமான டியூபுலின் குரோமாட்டினிலும் வந்து நிற்கும். ஒவ்வொரு கூறிலும் டியூபுலினையும் குரோமாட்டின் புரதமான ஹிஸ்டோன் எச்3ஐயும் பார்த்துவிட்டுத்தான் மற்றப் புரதத்தைப் பற்றிப் பேசவேண்டும். மெண்டெஸ் பின்னர் மாட்ரிட்டில் தேசியப் புற்றுநோய் மையத்தில் டிஎன்ஏ இரட்டிப்புக் குழுவை நடத்தினார். துறையை மாற்றாமல் உயிரியை மட்டும் மாற்றிக்கொண்ட பாதை இது.

மரியா பிளாஸ்கோ பாலிமரேஸின் பைரோபாஸ்பேட் எதிர்வினையை (கோத்த எழுத்தைத் திரும்பக் கழற்றும் எதிர்வினை) ஆராய்ந்தவர். 1993இல் முனைவர் ஆனார். அடுத்து கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் கரோல் கிரைடரிடம், குரோமோசோம் முனைகளை நீட்டும் என்சைமான டெலோமரேஸ். வெளியிலிருந்து பார்த்தால் துறை மாறியது போல இருக்கும். உள்ளே கேள்வி ஒன்றுதான்: நேர்கோட்டு டிஎன்ஏவின் முனையை எப்படிக் காப்பது? ஃபை29 ஒரு புரதத்தால் காக்கிறது. நம் செல் தன்னோடு ஒரு ஆர்என்ஏ அச்சைச் சுமந்துவரும் டெலோமரேஸால் காக்கிறது. பழைய கேள்வியோடு புதிய ஆய்வகத்துக்குப் போகிறவருக்கு முதல் வருடம் வீணாவதில்லை.

மாறியது காலத்தின் அளவு. பாலிமரேஸ் சோதனை 10 நிமிடத்தில் விடை சொல்லிவிடும். பிளாஸ்கோ உருவாக்கிய, டெலோமரேஸ் ஆர்என்ஏ ஜீன் நீக்கப்பட்ட எலியோ முதல் தலைமுறையில் பார்வைக்கு நலமாகவே இருந்தது. ஆய்வக எலியின் டெலோமியர் (குரோமோசோமின் முனைப் பகுதி) மனிதருடையதைவிட மிக நீளம். தலைமுறைக்கு ஏறக்குறைய 5 கிலோபேஸ் (5,000 எழுத்து) தேய்ந்தாலும் தாங்கும். பிந்தைய தலைமுறைகளில்தான் குரோமோசோம் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. ஆறு தலைமுறை வரை வளர்த்துப் பார்த்தார்கள். எலிக்குத் தலைமுறைக்கு மூன்று மாதம் என்று வைத்தாலும் ஒன்றரை வருடம். என்சைம் ஆளாக இருந்து விலங்கு ஆளாக மாறுகிறவர் முதலில் கணக்கிட வேண்டியது இதைத்தான். மூன்று வருட நிதியில் இப்படி ஒரு சோதனை ஒருமுறைதான் ஓடும். கட்டுரை 1997இல் வந்தது. அவர் மாட்ரிட் திரும்பினார். 2011 முதல் 2025 வரை தேசியப் புற்றுநோய் மையத்தின் இயக்குநர்.

மனுவேல் செர்ரானோவின் தொடக்கம் பி6 புரதம். அது டிஎன்ஏவில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடுவதில்லை. 24 ஜோடி எழுத்துக்கு இரண்டு பி6 சேர்ந்த ஒரு இரட்டை வீதம் வரிசையாக ஏறி, டிஎன்ஏவைத் தன்மேல் சுருட்டி, இரட்டிப்புத் தொடங்கும் முனையைத் திறக்க உதவுகிறது. டிஎன்ஏஸ்-1 கொண்டு லேசாக வெட்டிப் பார்த்தால் ஜெல்லில் ஒழுங்கான இடைவெளியில் தடம் தெரியும். 1990இல் சயின்ஸ் இதழில் வந்த வேலை அது. பிறகு கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் டேவிட் பீச்சிடம் போய், செல் பெருக்கத்தை முடுக்கும் சிடிகே4 என்சைமோடு ஒட்டும் புரதங்களை ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் முறையில் தேடினார். கிடைத்தது பி16, 1993இல் நேச்சர் இதழில் வந்தது. 1997இல் ஸ்காட் லோவோடு சேர்ந்து, ராஸ் என்ற புற்றுநோய் ஜீனை இயல்பான செல்லில் ஏற்றினால் செல் பெருகாமல் முதுமை நிலைக்குப் போய் நின்றுவிடுகிறது என்று காட்டினார். மாட்ரிட், பார்சிலோனா ஆகிய இடங்களுக்குப் பிறகு 2022இல் கேம்பிரிட்ஜில் உள்ள ஆல்டோஸ் லேப்ஸ் நிறுவனத்துக்குப் போனார். இரட்டிப்பு என்ற சொல்லே இப்போது அவர் வேலையில் அபூர்வம்.

ஹோசே எஸ்தேபான் இன்னும் தூரம். பாலிமரேஸ் எத்தனை முறைக்கு ஒரு தப்பு எழுத்தைக் கோக்கிறது என்று அளந்து 1993இல் கட்டுரை எழுதியவர், பின்னர் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ராபர்ட்டோ மாலினோவின் ஆய்வகத்தில் நரம்பிணைப்புகளில் ஆம்பா ஏற்பிகள் (நரம்புச் செய்தியை வாங்கும் புரதங்கள்) எப்படி ஏறுகின்றன என்பதில் வேலை செய்தார். திரும்பி வந்து அதே செவெரோ ஒச்சோவா மையத்தில் நரம்பியல் குழு நடத்துகிறார். பழைய கேள்வி எதுவும் கூட வரவில்லை. அளக்கும் பழக்கம் மட்டும் வந்தது.

நான்கு பேர், ஒரே ஊர்: கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர். பெரிய ஆய்வகங்களின் பழைய மாணவர்களை அடுக்கிப் பார்த்தால் இப்படி ஒரு தடம் தெரியும். முன்னே போனவர் சரியாக வேலை செய்தால், அடுத்தவரின் பரிந்துரைக் கடிதத்தை அங்கே கவனித்துப் படிப்பார்கள். ஆய்வகம் தேடும் மாணவர் அதன் ஆய்வுக்கட்டுரைகளை மட்டும் பார்க்காமல், கடந்த பத்து வருடத்தில் முதல் ஆசிரியராக எழுதியவர்கள் இப்போது எங்கே என்று ஒவ்வொரு பெயராகத் தேடவேண்டும். அரை நாள் வேலை. பெயர் பாதியில் மறைந்துபோனால் அதுவும் ஒரு செய்தி.

திரும்பி வர ஒரு இடமும் வேண்டும். ஸ்பெயினின் தேசியப் புற்றுநோய் மையம் 1998இல் நிறுவப்பட்டது. போனவர்கள் திரும்பிய காலமும் புது மையம் ஆட்களை எடுத்த காலமும் ஒத்துப்போயின. இதில் திறமைக்குச் சமமாக நேரமும் விளையாடியிருக்கிறது. பத்து வருடம் முன்போ பின்போ இதே ஆட்கள் வேறு ஊர்களில் தங்கியிருக்கலாம்.

கிறிஸ்தினா கார்மெந்தியாவின் பாதை தனி. அவருடைய 1992 கட்டுரையின் பொருள் பாலிமரேஸின் பிழைதிருத்தம். ஃபை29 பாலிமரேஸ் தப்பாகக் கோத்த எழுத்தை 3' முனையிலிருந்து பின்னோக்கிக் கடித்து எடுத்துவிடும். கடைசி எழுத்து மட்டும் பொருந்தாத பிரைமரை (நகல் தொடங்கும் சிறு இழைத்துண்டு) கொடுத்து, அது நீள்கிறதா கடிபடுகிறதா என்று ஜெல்லில் பார்ப்பது முறை. என்சைமின் 12ஆம் அமினோ அமிலமான ஆஸ்பார்ட்டேட்டையும் 14ஆம் அமினோ அமிலமான குளுட்டமேட்டையும் மாற்றினால் கடிக்கும் திறன் போய்விடும், கோக்கும் திறன் நிற்கும். ஒரே என்சைமில் இரண்டு வேலைகளையும் இப்படித்தான் பிரித்தறிந்தார்கள். இதற்குப் பின் அவர் போஸ்ட்டாக் போகவில்லை. எம்பிஏ படித்து, தொழில் நிறுவனத்தில் இருந்து, 2001இல் ஜெனெட்ரிக்ஸ் என்ற உயிர்த்தொழில்நுட்பக் குழுமத்தைத் தொடங்கினார். 2008 ஏப்ரல் முதல் 2011 டிசம்பர் வரை ஸ்பெயினின் அறிவியல், புத்தாக்க அமைச்சர்.

ஜெனெட்ரிக்ஸிலிருந்து பிறந்த செல்லெரிக்ஸ் 2011இல் பெல்ஜியத்தின் டைஜெனிக்ஸோடு இணைந்தது. 2018இல் டகேடா அதை வாங்கியது. அந்த வழியில் வந்த ஸ்டெம் செல் மருந்து குரோன் நோயின் மலக்குடல் புண்வழிகளுக்கானது. 2018இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. பின்னால் நடந்த பெரிய சோதனையில் பலன் தெளிவாகத் தெரியவில்லை. 2024இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நிறுவனப் பாதையை விரும்புகிறவர்கள் இந்த வரிசையை முழுதாகப் படிக்கவேண்டும். விற்பனை நடந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்ளும் வாழ்க்கைக் குறிப்புகள்தான் அதிகம்.

ஆய்வகம் உலகுக்குத் தெரிந்தது பாலிமரேஸால். 1989இல் அந்த ஆய்வகத்தின் லூயிஸ் பிளாங்கோவும் மற்றவர்களும் காட்டியது: இந்த என்சைம் ஒருமுறை பிடித்தால் 70,000 எழுத்துக்கு மேல் விடாமல் கோக்கும், எதிரே வரும் இழையைத் தானே பிரித்துத் தள்ளும். அமெரிக்கக் காப்புரிமையில் சாலாஸ், லூயிஸ் பிளாங்கோ, அந்தோனியோ பெர்னாட் ஆகிய மூவர் பெயர். அமெர்ஷாம் நிறுவனம் இதை வைத்து 30 டிகிரியில் ஓடும் டிஎன்ஏ பெருக்கக் கிட்களை விற்றது. சில வருடங்கள் ஸ்பெயின் அரசு ஆய்வுக் கழகத்தின் காப்புரிமை வருமானத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு என்சைம் தந்தது. 2019இல் சாலாஸுக்கு ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது. அதே வருடம் நவம்பரில் காலமானார்.

இந்த என்சைமைச் சுற்றி ஒரு வேலைச் சந்தையே உண்டு. பசிஃபிக் பயோசயன்ஸஸ் நிறுவனத்தின், டிஎன்ஏ எழுத்து வரிசையை நீளமாகப் படிக்கும் இயந்திரத்துக்குள் இருப்பது இதன் மாற்றிய வடிவம். நானோபோர் என்ற நுண்துளை வழியே டிஎன்ஏவை ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் காட்டிய ஆரம்பச் சோதனைகளிலும் இது இருந்தது. இத்தகைய நிறுவனங்களுக்குப் போகிறவரிடம் எதிர்பார்ப்பது நுணுக்க வேலைகள். பிரைமரின் 3' முனையில் கடிபடாத தயோபாஸ்பேட் இணைப்பு போடாவிட்டால் என்ன ஆகும்? பாலிமரேஸ் பிரைமரையே கடித்துத் தின்றுவிடும். டெம்ப்ளேட் இல்லாத குழாயிலும் டிஎன்ஏ ஏன் பெருகுகிறது? என்சைமைச் சுத்தம் செய்தபோது கூட வந்த ஈ.கோலை டிஎன்ஏ காரணமாக இருக்கலாம். அதை நீக்கத்தான் தொடக்கத்திலேயே அதிக உப்பில் பாலிஎத்திலீன்இமைன் போட்டு நியூக்ளிக் அமிலத்தை வீழ்த்துவது. பெருக்கத்தில் சம்பந்தமில்லாத துண்டுகள் ஒட்டிய நகல்கள் எப்படி வருகின்றன? பிரித்துத் தள்ளப்பட்ட இழை இன்னொரு இழையில் போய் ஒட்டி அங்கிருந்து நீள்வதால்.

யூனிட் என்பதும் அப்படி ஒரு பொறி. ஃபை29 பாலிமரேஸுக்கு ஒரு யூனிட் என்பது 30 டிகிரியில் 10 நிமிடத்தில் 0.5 பிகோமோல் கோப்பது. டி4 என்ற வேறொரு வைரஸின் பாலிமரேஸுக்கு 37 டிகிரியில் 30 நிமிடத்தில் 10 நானோமோல். வேகத்தில் பார்த்தால் ஏறக்குறைய 6,700 மடங்கு வித்தியாசம். யூனிட்டை யூனிட்டோடு ஒப்பிட்டு விலை பேசுகிறவரை என்சைம் கம்பெனிக்காரர் உடனே கண்டுகொள்வார்.

பெர்னாட் மரபுச் சிகிச்சை, ஸ்டெம் செல் பக்கம் போனார். கிரிசாந்தோ குத்தியெர்ரெஸ் தாவரச் செல்லின் இரட்டிப்புக்குப் போனார். பிளாங்கோ எங்கும் போகவில்லை. அதே மையத்தில் இருந்துகொண்டு மனிதனின் லாம்டா, மியூ பாலிமரேஸ்களையும், 2013இல் பிரைம்பால் என்ற என்சைமையும் விவரித்தார். சாலாஸ் குழுவோடு சேர்ந்து ஃபை29 பாலிமரேஸின் வாலில் டிஎன்ஏவைப் பிடிக்கும் ஒரு பகுதியை ஒட்டி மேம்படுத்தினார்கள். 2010இல் அந்தக் கட்டுரை வந்தது. இந்த வகை என்சைம்களைச் சந்தைக்குக் கொண்டுபோன எக்ஸ்-பால் பயோடெக், கார்மெந்தியாவின் ஜெனெட்ரிக்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. பின்னால் அந்த வழியில் வந்த கிட்டில் தற்செயல் பிரைமர்களே கிடையாது. வெப்பம் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் பிரைம்பால் தானே பிரைமரை எழுதிக் கொடுக்க, ஃபை29 பாலிமரேஸ் அதை நீட்டும்.

இவர்கள் எல்லாம் பெயர் தெரிந்தவர்கள். அதே மேசைகளில் பிஎச்டி முடித்துப் பள்ளியிலோ, மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்திலோ, மருந்து ஒழுங்குமுறை அலுவலகத்திலோ சேர்ந்தவர்களை ஆய்வுக்கட்டுரைகளை வைத்துத் தேடிப் பிடிக்க முடியாது. எந்த ஆய்வகத்தின் பட்டியலும் பெயர் தெரிந்தவர்கள் பக்கம் சாய்ந்தே இருக்கும். ஆய்வகத்தில் சேரப் போகிறவர் தலைவரிடம் கேட்க வேண்டியது சிறந்த மாணவர் என்ன ஆனார் என்பதை அல்ல. கடைசியாக முடித்த ஐந்து பேர் வரிசையாக என்ன ஆனார்கள் என்பதை. கூடவே, புரதங்களைச் சுத்தம் செய்யும் தொழில்நுட்பர் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார் என்றும் கேட்கலாம். ஃபை29 கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் மாணவர் பெயர்கள் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். இருபது வருடம் மாறாமல் வந்துகொண்டிருக்கும் பெயர்களும் உண்டு. புரதத்தைப் பிரிக்கும் பாஸ்போசெல்லுலோஸ் குழலை எவ்வளவு உப்பில் கழுவவேண்டும், அதிலிருந்து வெளிவரும் எந்தத் துளிப்பகுதியோடு நிறுத்தவேண்டும் என்பதைப் புதிதாக வருகிறவர் கற்றுக்கொள்வது அவர்களிடம்தான்.